விளையாட்டுக் கணக்கைத் திருடும் தூண்டில் அஞ்சல்

"உங்கள் விளையாட்டுக் கணக்கை வேறொருவருக்கு விற்க நீங்கள் முயன்றதாகத் தெரிய வந்துள்ளது. இது விதிகளுக்கு முரணானது. 24 மணி நேரத்துக்குள் கீழேயுள்ள இணைப்பின் வழியே சென்று, நீங்கள்தாம் உரிமையாளர் என்பதை உறுதி செய்யாவிட்டால், கணக்கு நிரந்தரமாக மூடப்படும்."

இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். மேலே விளையாட்டு நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று இருக்கிறது. அனுப்பியவர் பெயரும் அந்த நிறுவனத்தின் பெயர்தான். நீங்களோ கணக்கை யாருக்கும் விற்க நினைத்ததே இல்லை. மூன்று ஆண்டுகள் ஆடிச் சேர்த்த வாள், கவசம், குதிரை எல்லாம் அதில் இருக்கின்றன. என்ன செய்வீர்கள்? பலர் பதறிப் போய் இணைப்பைத் தட்டுகிறார்கள். அங்கே கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லை எழுதுகிறார்கள். அத்துடன் கணக்கு கை மாறிவிடுகிறது.

அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டின் வீரர்களுக்கு, ஏறத்தாழ இதே வாசகத்தில் ஏராளமான கடிதங்கள் வந்தன. அவற்றை அந்நிறுவனம் அனுப்பவில்லை.

இந்த மோசடிக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்று பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லேதான். முதல் எழுத்தான எஃப்-ஐ எடுத்துவிட்டு, அதே ஒலியுள்ள பி, எச் என்ற இரண்டெழுத்துகளைப் போட்டுக் கொண்டார்கள். 1990-களின் நடுவில் 'அமெரிக்கா ஆன்லைன்' என்ற இணையச் சேவையில் இது தொடங்கியது. அப்போது இணையத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம். காசு கொடுக்க விரும்பாத சில இளைஞர்கள், நிறுவன ஊழியர்போல் நடித்து, "கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்" என்று பிறருக்குச் செய்தி அனுப்பினார்கள். சொன்னவர்கள் மாட்டிக் கொண்டார்கள். நாம் இதைத் தூண்டில் அஞ்சல் என்று அழைக்கலாம். இரை, முள், கயிறு மூன்றும் இதில் உண்டு அல்லவா?

விளையாட்டுச் சாமானைத் திருடி என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு உண்மையான சந்தை இருக்கிறது. திருடன் உள்ளே நுழைந்ததும் கவசத்தையும் ஆயுதங்களையும் விற்றுப் பொற்காசாக்கி, அதை வேறு கணக்குக்கு மாற்றி, வெளியே நிஜப் பணத்துக்கு விற்றுவிடுவான். 'கவுண்டர் ஸ்டிரைக்' விளையாட்டில் 2013 முதல் துப்பாக்கிக்கும் கத்திக்கும் வண்ண உறைகள் கிடைக்கின்றன; அரியவற்றுக்கு விலை மிக அதிகம். அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் 'ஸ்டீம்' தளத்தில் மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் அறிவித்தது. ஏமாந்தவர்கள் எல்லாரும் புதியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள் என்று அதே அறிவிப்பு கூறியது.

அனுப்புநர் பெயரை யார் சரிபார்க்கிறார்கள்?

ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். பின்புறம் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை. பெறுநர் முகவரி சரியாக இருந்தால் போதும். மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது அதுவும் இப்படித்தான் அமைந்தது. ஒருவரையொருவர் நம்பிய சில ஆராய்ச்சிக் கூடங்களே அன்று வலையில் இருந்தன. ஆகவே கடிதத்தின் மேலே தெரியும் பெயர் அனுப்பியவர் எழுதிக்கொண்ட பெயரே.

பிற்காலத்தில் இதற்கு மாற்று கண்டார்கள். இப்போது அனுப்பும் நிறுவனம் தன் கடிதத்தில் கணித முறையில் ஒரு கையொப்பம் இடுகிறது. பெறும் அஞ்சல் நிலையம் அதைச் சோதித்து, பொருந்தாத கடிதத்தைக் குப்பையில் தள்ளுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருடன் நிறுவனத்தின் பெயரைப் போன்ற வேறொரு பெயரைத் தனக்கென்று பதிவு செய்து, அதன் கையொப்பத்தை முறைப்படி இட்டால், சோதனையில் அவன் தேறிவிடுவான். கையொப்பம் உண்மை, ஆள்தான் வேறு! எனவே பெயரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வலமிருந்து படியுங்கள்

இணைய முகவரியை இடமிருந்து படிப்பது நம் வழக்கம். திருடனுக்கு வசதியும் அதுதான். திருச்சியில் 'மதுரை ரோடு' என்று ஒரு சாலை உண்டு. அங்கே குடியிருப்பவர் முகவரியில் மதுரை முதலில் வருகிறது என்பதற்காக அவர் மதுரைக்காரர் ஆகிவிடுவாரா? கடைசியில் வரும் ஊர்ப் பெயர்தானே முக்கியம்! இணைய முகவரியும் அப்படியே. தமிழ் எழுத்திலும் முகவரிகள் உண்டு, '.இந்தியா', '.இலங்கை' என்பவை அவற்றின் முடிவுகள். 'உதவி.ஆட்டம்.இந்தியா' என்ற கற்பனை முகவரி, 'ஆட்டம்.இந்தியா' என்ற உரிமையாளருக்குச் சொந்தம். 'ஆட்டம்.சரிபார்ப்பு.இந்தியா' என்பதோ 'சரிபார்ப்பு.இந்தியா' என்ற யாரோ ஒருவருக்குச் சொந்தம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்து வந்தால் உண்மை தெரியும்.

எழுத்திலும் ஏமாற்று உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்துகளான ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் போலவே தோன்றும். இதைவிட நுட்பமானதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. க என்ற எழுத்தையும், ஒன்று என்ற தமிழ் எண்ணான ௧ என்பதையும் பாருங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறதா? கணிப்பொறிக்கு முதலாவது 2965 என்ற எண், இரண்டாவது 3047. அதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உறவே இல்லை. இவ்வாறே ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தின் எண் 97. அச்சு அசலாக அதே உருவமுள்ள ரஷ்ய எழுத்தின் எண் 1072. இத்தகைய எழுத்துகளைக் கலந்து பெயரைப் பதிவு செய்தால் மனிதக் கண் தோற்கும்.

கடவுச்சொல் காப்பு மென்பொருள் பயன்படுவது இங்கேதான். அது எண்களை ஒப்பிடுகிறது, உருவத்தைப் பார்ப்பதில்லை. வழக்கமாகத் தானே கடவுச்சொல்லை நிரப்பும் மென்பொருள் ஒரு பக்கத்தில் மட்டும் வாளாவிருந்தால், அந்தப் பக்கத்தைச் சந்தேகியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று முன்பு சொல்லித் தருவார்கள். இன்று பிழையில்லாமல் எழுதித் தரும் பொறிகள் எவருக்கும் கிடைக்கின்றன. அந்த அடையாளத்தை நம்பிப் பயனில்லை. பூட்டுச் சின்னத்தையும் அப்படியே. வழியில் எவரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதன்று. தவறான நம்பிக்கையைத் தருகிறதென்று 2023 செப்டம்பரில் குரோம் உலாவி முகவரிப் பட்டையிலிருந்து அதை நீக்கியே விட்டது.

சன்னலை இழுத்துப் பாருங்கள்

2022-இல் ஸ்டீம் வீரர்களைக் குறி வைத்து ஒரு புதுத் தந்திரம் பரவியது. "எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு" என்று நண்பனிடமிருந்து செய்தி வரும் (நண்பனின் கணக்கு ஏற்கெனவே திருடப்பட்டது). இணைப்பைத் தட்டி உள்நுழையப் போனால், ஒரு சிறு சன்னல் திறக்கும். அதன் தலைப்பில் ஸ்டீமின் சரியான முகவரி, எழுத்து மாறாமல் இருக்கும்! ஆனால் அது சன்னலே அன்று. பக்கத்துக்குள் வரையப்பட்ட படம். முகவரியும் படத்தின் ஒரு பகுதி.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கணிப்பொறியில் அந்தச் சிறு சன்னலின் தலைப்பைப் பிடித்து, பெரிய சன்னலின் விளிம்புக்கு வெளியே இழுங்கள். உண்மையான சன்னல் வெளியே வந்துவிடும். படத்தால் சட்டத்தைத் தாண்ட முடியாது; விளிம்பில் நின்றுவிடும் அல்லது வெட்டுப்பட்டு மறையும்.

ஆறிலக்க எண்

பிளிசார்டு நிறுவனம் 2008-இல் சாவிக்கொத்தில் மாட்டும் ஒரு சிறு கருவியை விற்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ஆறிலக்க எண் தோன்றும். கடவுச்சொல்லுடன் அதையும் எழுத வேண்டும். இதை இணைத்துக் கொண்டவர்களுக்கு விளையாட்டுக்குள் இரண்டு தலையுள்ள நாய்க்குட்டி ஒன்று பரிசு. தூண்டிலிலிருந்து காப்பாற்ற நிறுவனமும் ஓர் இரை வைத்தது போலும்!

இன்று கைப்பேசியே இவ்வேலையைச் செய்கிறது. உங்கள் கைப்பேசிக்கும் நிறுவனத்துக்கும் பொதுவான ஓர் இரகசிய எண் உண்டு. நேரத்தை 30 விநாடித் துண்டுகளாக்கி, அப்போதைய துண்டின் எண்ணையும் இரகசிய எண்ணையும் கலந்து இரு பக்கமும் தனித்தனியே கணக்கிடுகின்றன. விடை ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். பழைய விடையைத் திருடிப் பயனில்லை.

ஆனால் போலிப் பக்கம் அந்த ஆறு இலக்கத்தையும் கேட்டு வாங்கி, அந்த 30 விநாடிக்குள் உண்மையான தளத்தில் எழுதிவிட்டால்? திருடர்கள் இதையும் செய்கிறார்கள். மனிதர் உட்கார வேண்டியதில்லை, ஒரு நிரலே போதும். இதற்கு விடையாக வந்ததே 'பாஸ்கீ'. இதன் அடிப்படை விதிமுறை 2019-இல் உலகத் தரமாயிற்று. இதில் இரகசியம் தளத்துக்குப் போவதே இல்லை. தளம் அனுப்பும் புதிருக்குக் கருவியே விடை எழுதுகிறது. எந்தத் தளத்துக்கென்று பதிந்ததோ அந்தத் தளத்துக்கு மட்டுமே எழுதும். போலித் தளம் எவ்வளவு கெஞ்சினாலும் அதனிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. வசதி இருக்கும் தளங்களில் இதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் பரிந்துரை.

ஏற்கெனவே மாட்டிக் கொண்டவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது விளையாட்டுக் கணக்கையன்று, மின்னஞ்சல் கணக்கை. கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அங்கேதான் வரும். இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல்லாக இருந்தால் இரண்டும் போனவைதாம். முகவரியை நீங்களே தட்டெழுதிச் சென்று மாற்றுங்கள். பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். வீட்டிலுள்ளவர்களின் வங்கி அட்டை கணக்கில் இணைந்திருந்தால், திட்டுக்குப் பயந்து ஒளிக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணில் முறையிடலாம். விரைவாகச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். நண்பர்கள் பட்டியலில் உள்ளவர்களுக்கும் தெரிவியுங்கள். அடுத்த தூண்டில் உங்கள் பெயரில்தான் அவர்களுக்குப் போகும். மின்னஞ்சல் பெட்டியின் அமைப்பில், கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும்படி நீங்கள் வைக்காத கட்டளை ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை நீக்காவிட்டால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்களின் நகல் திருடனுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.