மடிக்கணினி தொலைந்தாலும் தரவு தொலையாதிருக்க

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கப்பல் முகவர் காரியாலயங்களிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும், அங்கத்தினரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு விபரமும் ஒரே மடிக்கணினிக்குள் அடங்கி, அதுவும் கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் பிரயாணம் செய்கின்ற இக்காலத்தில், அதன் வட்டு முழுவதையும் சங்கேதமாக்கி வைத்தல் அத்தியாவசியமாகும். வெறும் கடவுச்சொல்லை மாத்திரம் நம்பினால், வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்துகிறவன் யாவற்றையும் சாவதானமாக வாசித்துவிடுவான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சங்கேதமாக்கலைப் பெயர் குறித்தே சொல்கிறது.

வட்டைச் சங்கேதமாக்கும் கருவிகளாக விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கரும், மாக் கணினியில் ஃபைல்வால்ட்டும் உடன்வருவன. பிட்லாக்கர் முழுமையாக இல்லாத ஹோம் பதிப்பினர் இலவசமான வெராகிரிப்டை நாடலாம். ஆரம்பிக்குமுன் கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புத் திறவுகோலை அச்சிட்டுக் காரியாலயப் பெட்டகத்தில் வைப்பதே உசிதம். அதைக் கணினிப் பைக்குள்ளேயே செருகிவைக்கும் சாமர்த்தியசாலிகளும் உளர்! பிரயாணத்தில் மூடியை மடித்து உறங்கவிடுதல் போதாது; அந்நிலையில் சங்கேதத் திறவுகோல் நினைவகத்திலேயே தங்கியிருக்குமாதலால், கணினியை முற்றாக அணைத்துவிடுக. பென் டிரைவுக்கும் இதே பூட்டு வேண்டும். மின்னஞ்சலில் வரும் வைரஸுக்கோ இப்பூட்டு ஒரு தடையன்று. அதற்கு வேறு காவல் தேடுக.