கடற்கரைக் காவலர்கள்

கடல்நாய் என்றவுடன் பனிப்பாறையின்மேல் படுத்திருக்கும் விலங்கே நம் நினைவுக்கு வருகின்றது. ‘சீல்’ என்றும் வழங்கப்படும் இவ்விலங்கு குளிர்நாடுகளுக்கு மட்டுமே உரியது எனப் பலர் எண்ணுவர். ஆனால், நம் நாட்டைப் போலவே ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஹவாய்த் தீவுகளிலும் ஒருவகைக் கடல்நாய் வாழ்கின்றது. அதனை அழியாமல் காப்பதில் அங்குள்ள பொதுமக்கள் எவ்வாறு பங்குகொள்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

துறவிக் கடல்நாய்

ஹவாய், பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்துள்ள தீவுக்கூட்டம். அமெரிக்காவின் ஒரு மாநிலம். அங்கு வாழும் கடல்நாய்க்குத் ‘துறவிக் கடல்நாய்’ என்பது பெயர். அதன் கழுத்தில் மடிந்து விழும் தோல் துறவியின் முக்காட்டைப் போன்றிருக்கும். பெரும்பாலும் அது தனித்தே வாழும். ஆதலின் அப்பெயர் ஏற்பட்டது. ஹவாய் மக்கள் தம் மொழியில் அதனைக் ‘கொந்தளிக்கும் நீரில் ஓடும் நாய்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். தமிழராகிய நாமும் அதனை நாய் என்றே அழைப்பது வியப்பன்றோ!

வளர்ந்த கடல்நாய் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் உடையது. மீன், கணவாய், சிங்கி இறால் முதலியன அதன் உணவு. இரைதேடிக் களைத்தபின் அது மணலில் ஏறி மணிக்கணக்கில் உறங்கும். தாய், கரையிலேயே ஒரு குட்டியை ஈனும். ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை தான் ஒன்றும் உண்ணாமல் குட்டிக்குப் பாலூட்டும். குட்டி கொழுக்கத் தாய் மெலியும். பின்னர்த் தாய் கடலுக்குச் சென்றுவிடும். குட்டி தானே நீந்தி இரைதேடக் கற்றுக்கொள்ளும்.

அழிவின் விளிம்பில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர் இவ்விலங்கைப் பெருமளவில் வேட்டையாடினர். இதன் உறவினமாகிய கரிபியத் துறவிக் கடல்நாய் 1952-ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அவ்வினம் அழிந்துவிட்டதென 2008-இல் அறிவிக்கப்பட்டது. ஹவாய் இனத்திற்கும் அக்கதி நேராதிருக்க, 1976-இல் அமெரிக்க அரசு அதனை அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்துச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. எனினும், தூண்டில் முள்ளும் கைவிடப்பட்ட வலைகளும் அவற்றின் உயிரைக் குடித்து வந்தன. பூனைகளின் கழிவிலுள்ள ஒரு நுண்ணுயிரி, மழைநீரோடு கடலை அடைந்து நோயை உண்டாக்குகின்றது. கரையில் எறியும் பொருளும் தெருவில் விடும் பூனையும் கடலில் வாழும் உயிரைக் கொல்லக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

தொண்டர்களின் பணி

நீண்ட கடற்கரை முழுவதையும் அரசு ஊழியர்களே காத்தல் இயலாது. எனவே, ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர் முன்வந்தனர். அவர்கள் செய்யும் பணிகள் இவை:

1. கடல்நாய் உறங்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அறிவிப்புப் பலகை நடுதல்.

2. 50 அடிக்கு அப்பால் நிற்குமாறும், தாயும் குட்டியும் இருந்தால் 150 அடிக்கு அப்பால் நிற்குமாறும் மக்களிடம் பணிவுடன் கூறுதல்.

3. நாள், நேரம், இடம், துடுப்பில் பொருத்திய அடையாள வில்லையின் எண், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றைக் குறித்துவைத்தல்.

4. காயமோ தூண்டில் முள்ளோ காணப்பட்டால் உடனே அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் அறிவித்தல்.

இவர்கள் விலங்கைத் தொடுவதில்லை, உணவு கொடுப்பதுமில்லை. மனிதரிடம் பழகிவிட்ட கடல்நாய், நீந்துவோரை நாடிச் சென்று துன்பத்திற்கு உள்ளாகும். ஆதலின், விலகி நிற்பதே இங்கு அன்பாகும்.

2017-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், கூட்டம் மிகுந்த வைக்கிக்கிக் கடற்கரையில் ‘ராக்கி’ எனப் பெயரிடப்பட்ட கடல்நாய் ஒரு குட்டியை ஈன்றது. உல்லாசப் பயணிகள் நிறைந்த அவ்விடத்தில் தொண்டர்கள் முறைவைத்துக் காவல் புரிந்தனர். பால்குடி மறந்தபின், அதிகாரிகள் குட்டியை அமைதியான வேறொரு கரைக்குக் கொண்டு சென்று விட்டனர்.

பயன்

ஒருவர் எழுதும் குறிப்பு சிறியதே. ஆயினும், பல்லாண்டுகள் பலர் எழுதிய குறிப்புகள் ஒன்றுசேரும்போது, எந்தக் கடல்நாய் எங்கே வாழ்கின்றது, எது ஈன்றது, எது நோயுற்றது என்பன தெளிவாகின்றன. சிகிச்சை தேவைப்படும் விலங்குகளுக்கென 2014-இல் ஒரு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளின் பயனாக, நெடுங்காலம் குறைந்து வந்த அவ்வினம் மெல்லப் பெருகி, 2022-இல் ஏறத்தாழ 1,600 என மதிப்பிடப்பட்டது. இஃது இன்னும் சிறிய தொகையே. எனவே காவலும் தொடர்கின்றது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டின் திரெங்கானு மாநிலத்திலுள்ள ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950-களில் தோல்முதுகுப் பேராமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட வந்தன. மனிதர் முட்டைகளை எடுத்துத் தின்றதாலும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கியதாலும், இன்று அங்கே அவற்றைக் காண்பது அரிதாகிவிட்டது. வருமுன் காப்பதே அறிவுடைமை.

மாணவர்களே! உங்கள் தோட்டத்து ஆற்றங்கரையிலும் பள்ளி வளாகத்திலும் எத்தனையோ பறவைகளும் விலங்குகளும் உள்ளன. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் பொறுமையும் இருந்தால் நீங்களும் காவலர் ஆகலாம். பெற்றோரும் இதற்குத் துணைநிற்பார்களாக!

சிந்தித்து விடை எழுதுக:

1. துறவிக் கடல்நாய்க்கு அப்பெயர் ஏற்படக் காரணங்கள் யாவை?
2. தொண்டர்கள் கடல்நாய்க்கு உணவு கொடுக்காதது ஏன்?
3. உங்கள் வீட்டருகே காணும் ஒரு பறவையை ஏழு நாள் கவனித்து, நாள்தோறும் மூன்று வரி குறிப்பு எழுதுக.