சுருங்கும் வட்டமும் வளரும் வட்டமும்

மாணவர்களே, உங்கள் வகுப்பறை மேசையின் ஓரம் எங்காவது பெயர்ந்திருந்தால், அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஒரே பலகையாகத் தெரிந்தது, ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிகிறதா? அப்படியென்றால் அது ஒட்டுப்பலகை. நாம் பேச்சு வழக்கில் 'பிளைவுட்' என்கிறோம். அதில் உள்ள ஒவ்வோர் அடுக்கும் மரத்திலிருந்து உரித்தெடுத்த மெல்லிய தகடு. அந்தத் தகட்டுக்கு வெனீர் என்று பெயர்.

சில வெனீர்த் தகடுகளின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் நீளமோ நூறு மீட்டரைக்கூடத் தாண்டும். இவ்வளவு நீளமான, எளிதில் கிழியக்கூடிய ஒரு தகட்டைக் கிழியாமல் எப்படிச் சுருளாகச் சுற்றுகிறார்கள்? அந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்ள, நீங்கள் படிக்கும் வட்டத்தின் சுற்றளவும் வேகமுமே போதும்.

பால் கொடுத்த மரம் பலகையான கதை

முதலில் மரத்தைப் பார்ப்போம். நம் மலாக்கா மாநிலத்துக்கும் ரப்பருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிக நோக்கில் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசஹானில் அதைப் பெரிய அளவுக்கு விரிவாக்கினார். உங்களில் பலருடைய தாத்தா பாட்டிமார் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களாக இருப்பார்கள். இன்று அந்த நிலங்களில் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன.

ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து முதுமையடையும். அதன்பின் அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் வெட்டிய மரம் அடுப்புக்கும், செங்கல் சூளைக்கும், ரப்பர்ப் பாளங்களைப் புகையூட்டும் புகைக்கூடத்துக்கும் விறகாகத்தான் போனது. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்வதும், வண்டு துளைப்பதும் அதற்குக் காரணங்கள். போரான் கலந்த உப்பு நீரை மரத்துக்குள் செலுத்திப் பதப்படுத்தவும், சூளையில் உலர்த்தவும் வழி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. 1980-களிலிருந்து ரப்பர் மரம் மலேசிய மரச்சாமான் தொழிலின் முக்கிய மூலப்பொருளாக வளர்ந்தது. மலாக்காவுக்குத் தெற்கே, ஜொகூர் எல்லைக்குள் இருக்கும் மூவார் நகரம் மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்றது.

மலேசியாவில் ரப்பர் மரம் பெரும்பாலும் பலகையாக அறுக்கப்படுகிறது. அதை வெனீராகவும் உரிக்கலாம். கேரளாவின் பெரும்பாவூர் வட்டாரத்தில் உள்ள ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு ரப்பர் மரமே முக்கிய மூலப்பொருள். தமிழ்நாட்டில் சிவகாசித் தீப்பெட்டிக்கு வேண்டிய மரக்குச்சிகளும், மரத்தை முதலில் தகடாக உரித்துப் பிறகு குச்சிகளாக நறுக்கியே செய்யப்படுகின்றன.

மரத்தை எப்படி உரிக்கிறார்கள்?

பென்சில் சீவும்போது பென்சிலைத் திருப்புகிறீர்கள். நிலையாக இருக்கும் அலகு, மரத்தைச் சுருளாக உரித்துத் தள்ளுகிறது. வெனீர் உரிக்கும் இயந்திரமும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. மரத்துண்டை இரு முனைகளிலும் சுழல்தண்டுகள் பிடித்துச் சுழற்றும். மரத்துண்டின் முழு நீளத்துக்கும் உள்ள ஒரு கத்தி பக்கவாட்டிலிருந்து அதைத் தொடும். மரம் ஒரு சுற்று சுற்றினால், கத்தி தகட்டின் தடிப்பளவு முன்னேறும். 0.6 மில்லிமீட்டர் தகடு வேண்டுமென்றால், ஒரு சுற்றுக்குக் கத்தி 0.6 மில்லிமீட்டர் நகர வேண்டும். கத்தியின் விளிம்புக்குச் சற்று முன்னால் ஓர் அழுத்தச் சட்டம் மரத்தை அமுக்கிப் பிடித்திருக்கும். அது இல்லாவிட்டால் மரம் சீராக உரியாமல் பிளந்துகொண்டு போகும்.

பால் வெட்டுகிறவர்களும் தடிப்பைக் கவனித்துத்தான் வேலை செய்கிறார்கள். உளி ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டுமே சீவ வேண்டும். ஆழமாக இறங்கினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாக வளரும். அப்படிப்பட்ட மரம் உரிப்பு இயந்திரத்துக்கு வரும்போது, உருண்டையாகும் வரை துண்டு துண்டாகத்தான் உரியும். பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் கவனமாகப் பால் வெட்டியதன் பலன், பின்னாளில் அறுபடாமல் வரும் தகட்டின் நீளத்திலும் தெரியும்.

நீளத்தைக் கணக்கிடுவோம்

ஒரு மரத்துண்டின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உரித்து முடித்த பிறகு 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள நடுத்தண்டு மிஞ்சுகிறது. தகட்டின் தடிப்பு 0.6 மில்லிமீட்டர். தகடு எவ்வளவு நீளம் வரும்?

மரத்தின் குறுக்குவெட்டைப் பக்கத்திலிருந்து பாருங்கள். உரிக்கப்பட்ட பகுதி ஒரு வளையம். அந்த வளையத்தின் பரப்பளவும், நீட்டி வைத்த தகட்டின் பக்கவாட்டுப் பரப்பளவும் சமம். எனவே,

நீளம் = 3.142 × (வெளி ஆரம்² − உள் ஆரம்²) ÷ தடிப்பு

வெளி ஆரம் 0.15 மீட்டர், உள் ஆரம் 0.03 மீட்டர், தடிப்பு 0.0006 மீட்டர். விடை ஏறக்குறைய 113 மீட்டர். ஒரு மரத்துண்டுக்குள் ஒரு கால்பந்துத் திடலின் நீளமுள்ள தகடு அடங்கியிருக்கிறது!

நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் உரித்தால், இரண்டு நிமிடத்துக்குள் இந்த 113 மீட்டரும் வெளியே வந்துவிடும். ஆனால் அடுத்த வேலைகளான வெட்டுதலும் உலர்த்துதலும் அதே வேகத்தில் நடப்பதில்லை. அதனால் பல ஆலைகளில் மெல்லிய வெனீரை ஒரு சுற்றுருளையில் சுற்றி வைத்து, பிறகு வேண்டிய வேகத்தில் பிரித்து எடுக்கிறார்கள்.

இரண்டு வட்டங்களின் சிக்கல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு பக்கம் மரத்துண்டு உரிய உரியச் சுருங்குகிறது. மறுபக்கம் சுற்றுருளை சுற்றச் சுற்றப் பெருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தகடு. மரத்திலிருந்து ஒரு நொடியில் எத்தனை மீட்டர் வெளிவருகிறதோ, அதே நொடியில் அத்தனை மீட்டரைச் சுற்றுருளை வாங்கிக்கொள்ள வேண்டும். குறைவாக வாங்கினால் தகடு தளர்ந்து மடியும். அதிகமாக இழுத்தால் கிழியும்.

விளிம்பு வேகம் என்பது சுற்றளவையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது. விளிம்பு வேகம் நொடிக்கு 1 மீட்டராகவே இருக்க வேண்டுமானால்:

மரத்துண்டு: தொடக்கத்தில் ஆரம் 15 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 64 சுற்றுகள். முடிவில் ஆரம் 3 சென்டிமீட்டர்; நிமிடத்துக்கு ஏறக்குறைய 318 சுற்றுகள்.

சுற்றுருளை: தொடக்கத்தில் ஆரம் 5 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 191 சுற்றுகள். 113 மீட்டரையும் இடைவெளியின்றிச் சுற்றி முடிக்கும்போது ஆரம் ஏறக்குறைய 15.5 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 62 சுற்றுகள்.

மரம் ஐந்து மடங்கு வேகமெடுக்கும் அதே நேரத்தில், சுற்றுருளை மூன்றில் ஒரு பங்காக வேகம் குறைய வேண்டும். சுற்றுருளையை 191 சுற்றிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதன் விளிம்பு நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் இழுக்கப் பார்க்கும். அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே தகடு அறுந்துவிடும்.

இதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு. சுற்றுருளையின் நடு அச்சைச் சுழற்றாமல், சுருளின் வெளி மேற்பரப்பை ஓடும் பட்டைகளால் தொட்டுச் சுழற்றுவதுதான் அது. பட்டைகள் நொடிக்கு 1 மீட்டர் ஓடினால், சுருள் சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் அதன் விளிம்பு நொடிக்கு 1 மீட்டர்தான் நகரும். சுற்றுகளின் எண்ணிக்கை தானாகவே குறைந்துகொண்டு வரும். யாரும் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டியதில்லை. சிறிய மரத்துண்டுகளை உரிக்கும் சில இயந்திரங்களிலும் சுழல்தண்டு கிடையாது. உருளைகள் மரத்தின் மேற்பரப்பைத் தொட்டுச் சுழற்றுகின்றன. அங்கேயும் இந்த உத்திதான்.

ஏன் இவ்வளவு எளிதில் கிழிகிறது?

வாழை இலையின் நடுநரம்பை நீக்கிவிட்டு, இலையின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். பக்க நரம்புகளுக்கு இடையில் சட்டென்று பிரிந்துவிடும். நரம்புகளின் போக்கிலேயே இழுத்தால் அவ்வளவு எளிதில் அறுபடாது. மரத்தின் நார்கள் அடிமரத்திலிருந்து மேல்நோக்கி ஓடுகின்றன. ஆனால் உரித்த தகடு நார்களுக்குக் குறுக்காக நீள்கிறது. அதாவது சுற்றும்போது தகட்டை அதன் பலவீனமான திசையில்தான் இழுக்கிறோம். அதனால்தான் சில ஆலைகளில் சுற்றும்போதே தகட்டின் ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டி விடுகிறார்கள். ஓரத்தில் தொடங்கும் சிறு கிழிசல் உள்ளே பரவாமல் அது தடுக்கும்.

நாசி லெமாக் கட்டும் வாழை இலையை முதலில் அனலில் வாட்டுவது ஏன்? வாடிய இலை வளையும், மடித்தாலும் கிழியாது. கடினமான மரத்துண்டுகளையும் உரிப்பதற்கு முன் வெந்நீரிலோ நீராவியிலோ வைப்பது உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்தால், நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் இளகும். மரம் வளைந்து கொடுக்கும்.

தடிப்பும் முக்கியம். ஒரு தகட்டை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. வெளிப்பக்கம் எந்த அளவு நீள்கிறது என்பதைத் தடிப்பை விட்டத்தால் வகுத்து ஏறக்குறையக் கண்டுபிடிக்கலாம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 0.6 மில்லிமீட்டர் தகடு 0.6 விழுக்காடு நீளும். 3 மில்லிமீட்டர் தகடோ 3 விழுக்காடு நீள வேண்டும். அதுவும் நாருக்குக் குறுக்காக! அது வெடித்துவிடும் அபாயம் அதிகம். எனவே தடித்த வெனீரைச் சுற்றாமல் நேராக வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள்.

சுருளைப் பிரித்து, பழுதான பகுதிகளை வெட்டி நீக்கி, உலர்த்திய பிறகு தகடுகளைப் பசையிட்டு அடுக்குவார்கள். ஓர் அடுக்கின் நார் கிழக்கு மேற்காக இருந்தால், அடுத்த அடுக்கின் நார் வடக்கு தெற்காக இருக்கும். தனியாக இருந்தபோது ஒரு திசையில் பலவீனமாக இருந்த தகடு, இப்போது பக்கத்து அடுக்கின் துணையால் இரு திசையிலும் வலிமை பெறுகிறது. அடுக்குகள் பொதுவாக 3, 5, 7 என ஒற்றைப்படையில் இருக்கும். நடு அடுக்குக்கு இருபுறமும் சமநிலை இருந்தால்தான் பலகை கோணாது.

நீங்களே செய்து பாருங்கள்

1. பென்சிலைச் சீவி, சுருளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் நுண்ணிய கீறல்களோடும் இருக்கிறதா? உரித்த வெனீரிலும் கத்தியின் பக்கம் இப்படிக் கீறல்கள் விழும். கீறல் உள்ள பக்கம் சுருளின் வெளிப்புறம் வந்தால் என்ன ஆகும், உட்புறம் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

2. புதிய ஒட்டுநாடாச் சுருள் ஒன்றை எடுங்கள். அதன் நீளம் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். வெளி ஆரத்தையும் உள் ஆரத்தையும் அளவுகோலால் அளந்து, மேலே உள்ள வாய்பாட்டைக் கொண்டு நாடாவின் தடிப்பைக் கண்டுபிடியுங்கள். அளவுகோலால் அளக்கவே முடியாத ஒரு தடிப்பை நீங்கள் கணக்கால் அளந்துவிடுவீர்கள்.

3. நம் கணக்கில் தகட்டின் தடிப்பை 0.3 மில்லிமீட்டராகக் குறைத்தால் நீளம் என்ன ஆகும்? சுருளின் இறுதி ஆரம் மாறுமா? முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்விக்கு, விடை சொல்லும் முன் வளையத்தின் பரப்பளவை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.