கப்பல் திரும்பும்போது தூங்கிவிடாதே

அன்புத் தங்கச்சிக்கு,

ஜூனில் மாமனார், மாமியார், பிள்ளைகளோடு அலாஸ்கா கப்பலில் போகப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னாய். போன பிறகு எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டாய். எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் சொல்கிறேன். ஆண்டவருடைய கைவேலையை அங்கே ஒரு வாரம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆனால் கப்பலுக்குள் சாப்பாடும் ஆட்டபாட்டமும் நாள் முழுக்க நடக்கும். உள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

பயண ஏற்பாடுகளை முதலில் முடி. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினாலும், கப்பல் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். வான்கூவரில் ஏறினால் கேட்கவே வேண்டாம். ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா, கனடா விசா இரண்டையும் இப்போதே பார்த்துக்கொள். அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதா என்பதையும் பார். பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கட்டாதே. பனியாற்றின் முன்னால் கப்பல் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பும், இரண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் இரண்டு வாங்கு. ஒன்றே ஒன்று இருந்தால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

மேல்தளத்தில் குடை நிற்காது, காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். தலைமூடி வைத்த மழைச்சட்டைதான் சரி. மாமியாருக்குச் சேலைக்குள் தெர்மல், கம்பளிக் காலுறை, ஷூ, மங்கி குல்லா. யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கையுறையை மறக்காதே, கம்பியைத் தொட்டால் விரல் விறைக்கும். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு தேடாதே, முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டியது அது.

மழையைக் கண்டு முகம் சுளிக்காதே. அலாஸ்காவின் கெட்சிகன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னையைப்போல் இரண்டரை மடங்கு. கடலிலிருந்து வரும் அதே ஈரம்தான் 4,671 மீட்டர் உயரமுள்ள ஃபேர்வெதர் மலையில் முட்டிப் பனியாகக் கொட்டி, இறுகி, பனியாறாக இறங்கி வருகிறது. நனைந்துகொண்டே பார்க்கிறவளுக்குத்தான் இது புரியும்.

ஜூனில் அங்கே காலை நாலு மணிக்கே விடிந்துவிடும், பொழுது சாய இரவு பத்தாகும். ஐந்து மணிக்குத் தளத்துக்கு வந்துவிடு. ஆளே இருக்காது. உன் காலை ஜெபத்தை அங்கே வைத்துக்கொள். முந்தின இரவு சங்கீதம் 104-ஐ எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். கடலும் கப்பலும் பெரிய கடல் உயிரும் அடுத்தடுத்து வருவதை, கப்பலில் நின்று வாசித்தபோதுதான் நான் கவனித்தேன்.

திமிங்கிலம் பார்க்கக் கடல் முழுக்கக் கண்ணை ஓட்டாதே. தூரத்தில் புகைபோல ஒரு மூச்சு எழும்பும், அதைத் தேடு. வாலைத் தூக்கிக் காட்டினால் ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சில நிமிடம் பொறு, வேறொரு இடத்தில் எழும்பும். வாலின் அடிப்பக்கக் கோலம் நம் கைரேகைபோல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இல்லை. இந்தக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல, ஹவாய்க் கடலில் குட்டி போட்டு, குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய ஒன்றும் தின்னாமல், இரைக்காக இவ்வளவு தூரம் நீந்தி வருகின்றன. முதல் வாலை நான் போன் திரையில்தான் பார்த்தேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. முதல் தரிசனத்துக்குப் போனை எடுக்காதே.

கிளேசியர் பே தேசியப் பூங்காவின் வளைகுடாவுக்குள் கப்பல் போகும் நாள்தான் முக்கியமான நாள். காலையில் சிறு படகில் பூங்காவின் ரேஞ்சர்கள் வந்து ஏறுவார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் சொல்வதைக் கேள். மார்ஜரி பனியாற்றின் முகப்பு ஏறக்குறைய ஒரு மைல் அகலம். இறுகிய பனி சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுவதால், வெடிப்புகள் நீலமாக ஒளிரும். பனிக்கட்டி உடைந்து கடலில் விழும் சத்தத்தை அந்தப் பகுதியின் பழங்குடிகளான டிலிங்கிட் மக்கள் வெள்ளை இடி என்கிறார்கள். ஒரு நுணுக்கம் சொல்கிறேன். காட்சி முந்தி வரும், சத்தம் பிந்தி வரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் பனி ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருக்கும். சிறு துண்டுகள் உதிர்கிற இடம் ஒன்றைப் பிடித்து, அதிலேயே கண்ணை வை.

பிள்ளைகளைக் கத்த விடாதே. மிதக்கும் பனிக்கட்டிகளில் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருக்கும். பக்கத்திலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கடல்வாய்க்குள் குட்டி போடும் காலத்தில் பெரிய கப்பல்களை விடுவதே இல்லை. அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்டவர் படைத்த எல்லாமே நாம் கிட்டே போய்ப் பார்ப்பதற்காக அல்ல.

முகப்பைப் பார்த்ததும் கப்பலே காலியாகிவிடும், எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். நீ போகாதே, தங்கம். 1794-ல் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடா ஐந்து மைல் பள்ளம்தான்; அதற்கப்பால் பனிச்சுவர். இன்று பனி 65 மைல் பின்னால் போயிருக்கிறது. ஆகவே பனியாற்று முகப்பின் பக்கத்தில் நீ பார்க்கிற கரைதான் கடைசியாக வெளியே வந்த நிலம். அங்கே வெறும் பாறை. கொஞ்ச தூரம் திரும்பி வந்தால் பாசி. பிறகு தரையோடு படர்கிற டிரையஸ் செடி, அப்புறம் ஆல்டர் புதர். இவை இரண்டும் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். அந்த மண்ணில்தான் ஸ்ப்ரூஸ் மரம் எழும்புகிறது. வளைகுடாவின் வாய்ப் பகுதிக்கு வரும்போது அடர்ந்த காடு. வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916-ல் இங்கே சிறு நிலத்துண்டுகளை அளந்து அடையாளம் வைத்தார். எந்தச் செடி முதலில் வருகிறது, எது அதன்மேல் வளர்கிறது என்று அவருக்குப் பிறகும் அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆதியாகமத்தின் மூன்றாம் நாளைப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்வார்கள். தண்ணீர் விலகி நிலம் தெரிந்து புல்பூண்டு முளைத்த அந்த வரிசையை, அங்கே சில மணி நேரத்தில் கரையோரமாகக் காட்டிவிடலாம். மாமியாருக்கு ஒரு நாற்காலியும் கம்பளியும் சூடான டீயும் கொண்டுவந்து கொடு. ஸ்ப்ரூஸ் காடு வரும்வரை பிள்ளைகளை உள்ளே அனுப்பாதே.