தங்கச்சியின் முதல் அல்பம்

யாழ்ப்பாணம்
பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பங்க் இசைக்குழு கிறீன் டேயின் புது அல்பம் ‘சேவியர்ஸ்’ வெளிவந்த ஜனவரி 19 அன்று இரவே குந்தியிருந்து எழுதியிருக்கிறாய் என்று அதன் சூட்டிலேயே தெரிந்தது. அந்தச் சூடு எனக்குப் பிடிக்கும். விருப்பமான குழு கைவிட்டுவிட்டது என்று நித்திரை கொள்ளாமல் கோபப்படுகிற பிள்ளை, பாட்டை உண்மையாக நேசிக்கிற பிள்ளைதான். உன் கருத்தை மாற்றிக்கொள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் போன கிழமை அம்மா தொலைபேசியில் சொன்ன ஒன்று மனதில் நெருடிக்கொண்டே இருக்கிறது. தங்கச்சி அந்த அல்பத்தில் வரும் ‘பொபி சொக்ஸ்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நீ போய், “இது பங்க்கே இல்லை, ‘டூக்கி’ கேட்காத உனக்கு என்ன விளங்கும்?” என்று சொன்னாயாம். அதற்குப் பிறகு அவள் வீட்டில் சத்தமாகப் பாட்டே போடுவதில்லையாம். நான் கதைக்க வந்தது இதைப் பற்றித்தான்.

கிறீன் டேயின் பழைய அல்பம் ‘டூக்கி’யை நீ உரைகல்லாக வைத்திருக்கிறாய். அந்த உரைகல் எங்கிருந்து வந்தது என்று பார். கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், கில்மன் தெரு 924ஆம் இலக்கத்தில், தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு மண்டபம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் கடைசி இரவில் திறந்தார்கள். பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு அங்கே மேடை இல்லை என்பது அப்போதைய விதி. கிறீன் டே வளர்ந்ததே அந்த மேடையில்தான். 1993இல் ரிப்ரைஸ் கம்பனியோடு கையெழுத்திட்டார்கள், கில்மனின் கதவு மூடிக்கொண்டது. அடுத்த பெப்ரவரியில் வந்ததுதான் உன் ‘டூக்கி’. லுக்கவுட் என்ற சின்னக் கம்பனி வெளியிட்ட முதல் இரண்டு அல்பங்களை நெஞ்சோடு வைத்திருந்த கில்மன் பிள்ளைகள் பலருக்கு அது காட்டிக்கொடுப்பு. அவர்களில் ஒருவன் அன்றைக்கு உன் அறைக்குள் வந்து நின்றிருந்தால், நீ தங்கச்சிக்குச் சொன்ன அதே வசனத்தைத்தான் உனக்கும் சொல்லியிருப்பான். அவர்களை நான் பிழை சொல்லமாட்டேன். அந்த விதியில் உறுதியாக நின்றதால்தான் கில்மன் கில்மனாகவே நிலைத்தது. 2015 மே மாதம், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக, கிறீன் டே மறுபடி அந்த மேடையில் ஏறினார்கள். இருபது வருசத்துக்கு மேல் எடுத்தது.

நான் லண்டனில் படித்த காலத்தில் இதே சண்டை த கிளாஷ் குழுவைச் சுற்றி நடந்தது. 1977 ஜனவரியில் அவர்கள் சிபிஎஸ் கம்பனியிடம் ஒரு லட்சம் பவுணுக்குக் கையெழுத்திட்டதோடு பங்க் செத்துவிட்டது என்று அப்போதே எழுதினார்கள். செத்ததாகச் சொல்லப்பட்டதற்கு அடுத்த வருசம், 1978 ஏப்ரல் 30, நிறவெறிக்கு எதிராக ட்ரஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்ரோறியா பூங்கா வரைக்கும் ஊர்வலம் போனது. பூங்கா மேடையில் கிளாஷ் வாசித்தது. நனைந்த புல்லில் நானும் நின்றேன். தெருவில் எங்கள் தோலைப் பார்த்துத் துப்புகிறவர்கள் இருந்த காலம் அது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அத்தனை பேர் எங்கள் பக்கம் நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சு விம்மியது. அந்தக் குழு என்னுடையதானது அன்றைக்குத்தான்.

ஆகவே அவர்களுடைய ஒவ்வொரு புதுத் தட்டும் எங்கள் வட்டத்தில் ஒரு வழக்குத்தான். 1979 டிசம்பரில் ‘லண்டன் கோலிங்’ வந்தது. ரெகே, ஜாஸ், ரொக்கபில்லி எல்லாம் கலந்திருந்தது. இரட்டைத் தட்டு, விலை மட்டும் ஒற்றைத் தட்டினுடையது. என்னிடமுள்ள பிரதி இன்னும் இருக்கிறது. அதன் உறையிலே கடைசிப் பாட்டின் பெயரைக் காணமாட்டாய். உறை அச்சான பிறகு சேர்த்த பாட்டு அது. தட்டைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால், நாலாம் பக்கத்தில் ஊசி ஓடி முடிகிற வெறும் இடத்தில், ‘ட்ரெயின் இன் வெயின்’ என்று கீறி எழுதியிருப்பது தெரியும். அடுத்த டிசம்பரில் ‘சாண்டினிஸ்டா!’ வந்தது. மூன்று தட்டு, 36 பாட்டு. விலையைக் குறைத்து வைக்கவேண்டும் என்று முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கான தங்கள் உரிமைப் பணத்தையே விட்டுக்கொடுத்தார்கள். முதல் அல்பத்துப் பாட்டொன்றைச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு பாடவைத்திருந்தார்கள். கையில் தூக்கிக்கொண்டு திரிந்த பாட்டை இப்படிப் பகிடி பண்ணிவிட்டார்களே என்று கொதித்தவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு 1982இல் ‘கொம்பாட் ரொக்’. அமெரிக்காவில் நன்றாக விற்றது, எங்கள் ஆட்களுக்கு அதுவே குற்றமாகப் பட்டது. அதற்குள்ளே ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ என்று மெதுவான ஒரு பாட்டு. அடித்து நொறுக்குகிற கிற்றார் இல்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளைப் பற்றியும், எந்த ஊரும் வேண்டாமென்று தள்ளிய குடியேறிகளைப் பற்றியும் பாடுகிறது. இருபத்தைந்து வருசம் கழித்து, போரிலிருந்து தப்பி அகதியாக லண்டன் வந்து மிச்சம் என்ற பகுதியில் வளர்ந்த எங்கள் பிள்ளை ஒருத்தி, மாதங்கி அருள்பிரகாசம், அந்தப் பாட்டின் கிற்றார் இழையை எடுத்து ‘பேப்பர் பிளேன்ஸ்’ செய்தாள். அமெரிக்கா விசா கொடுக்காமல் இழுத்தடித்த கோபமும் அதற்குள் இருக்கிறது. 2008இல் உலகமெல்லாம் அதைப் பாடியது. அதை எழுதியவர்களின் பட்டியலில் கிளாஷின் நாலு பேருடைய பெயரும் நிற்கிறது. அவர்களில் ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரிலேயே போய்விட்டார், கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

1982இல் அந்தப் பாட்டு யாருக்காக வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க முடியாது. அப்போது மாதங்கிக்கு ஆறு வயது. ஒரு அல்பம் வெளிவரும்போது ஏற்கெனவே காத்துக்கொண்டு நிற்கிற ரசிகருக்கு மட்டும் அது வருவதில்லை, தம்பி.

அதற்காக வந்ததையெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடு என்று சொல்கிறேன் என நினைக்காதே. 1985இல் அதே கிளாஷின் பெயரில் ‘கட் த க்ராப்’ வந்தது. குழுவிலிருந்த மிக் ஜோன்ஸையும் டொப்பர் ஹெடனையும் ஏற்கெனவே வெளியேற்றிவிட்டார்கள். டிரம்ஸ் அடிக்க ஆளுக்குப் பதிலாக இயந்திரம். அது நல்ல அல்பம் என்று விசுவாசத்துக்காகச் சொல்வது பொய். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல். ஆனால் எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் என்று சொல். உன் கடிதத்தில் ‘விலைபோய்விட்டார்கள்’ என்ற சொல் பல இடத்தில் வருகிறது, ஒரு பாட்டின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

‘சேவியர்ஸ்’ அல்பத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். பதினைந்து பாட்டு அதிகம். ‘கோர்வெட் சமர்’, ‘சூசி சாப்ஸ்டிக்’ இரண்டையும் எடுத்துவிட்டிருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்காது. ‘டூக்கி’யையும் ‘அமெரிக்கன் இடியட்’டையும் தயாரித்த ரொப் கவாலோவையே கூட்டிவந்தது பழைய பெயரில் சாய்ந்துகொள்வதுதான் என்று நீ சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஐந்தாவதாக வரும் ‘டிலெமா’வை ஒருக்கால் தனியே இருந்து கேள். 2012 செப்டெம்பரில் குழுவின் பாடகர் பிலி ஜோ ஆம்ஸ்ட்ரோங் மேடையிலேயே நிலைகுலைந்து, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போனவர். அந்தப் பழக்கத்தோடு இன்னும் இழுபடுகிற மனுசன்தான் அதில் பாடுகிறார், மறைக்கவில்லை. பதின்மூன்றாவதாக வருவது ‘ஃபாதர் டு எ சன்’. பத்து வயதில் தகப்பனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஐம்பத்தொரு வயதில், தகப்பனாக இருப்பதைத் தானே கண்டுபிடிக்கவேண்டியிருந்ததைப் பற்றிப் பாடுகிறார். இருபத்தொரு வயதில் ‘டூக்கி’யைப் பாடியவரிடம் இந்தப் பாட்டு இருந்திருக்க முடியாது. அவர் தன் வயதைப் பாடுகிறார். அதை விட்டுவிட்டு உன் பதினாறு வயதை உனக்குத் திருப்பிப் பாடித்தரச் சொல்லிக் கேட்பது நியாயமில்லை.

உன் பதினாறாம் வயது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த விடுமுறைக்கு இங்கே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ‘அமெரிக்கன் இடியட்’ கேட்டுக்கொண்டு கிடந்தாய். அந்த அல்பம் 2004இல் வந்தபோது நீ மழலை பேசுகிற பிள்ளை. பிந்தி வந்தாய் என்று உன்னை ஒருவரும் தடுக்கவில்லை. இப்போது தங்கச்சிக்குப் பதினாறு. ஒரு பிள்ளையிடம் காதலி ஆவாயா என்று கேட்டு, பிறகு காதலன் ஆவாயா என்றும் கேட்கிற பாட்டை அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்றால், அதில் அவள் தேடுகிறது ஏதோ இருக்கிறது. என்னவென்று துருவாதே. அவள் சத்தமாகப் போட்டுக் கேட்கட்டும். ‘சேவியர்ஸ்’தான் அவளுடைய முதல் அல்பம். ‘டூக்கி’க்கு அவள் தன் பாட்டில், பின்பக்கமாக வந்து சேருவாள். அப்போது கேள்விகளோடு உன்னிடம்தான் வருவாள், நீ இப்போது விரட்டாமல் இருந்தால்.

போய் அவளிடம் மன்னிப்புக் கேள். சுற்றிவளைக்காமல், நீ சொன்ன வசனத்தை எடுத்துச் சொல்லியே கேள். அந்த அல்பத்தில் அவளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடியும்வரை பேசாமல் இரு.

ஜூன் 29 வெம்ப்ளி அரங்கில் ‘டூக்கி’யையும் ‘அமெரிக்கன் இடியட்’டையும் முழுதாக வாசிக்கப்போகிறார்கள், உனக்கு ரிக்கற் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவளுக்கும் ஒன்று எடு. காசு இந்தக் கிழமையே அனுப்புகிறேன். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடச் சாட்டு இல்லை. திரும்பி வர எத்தனை மணியாகும் என்று அம்மாவுக்கு முதலே சொல்லிவை, இல்லாவிட்டால் அவ எனக்குத்தான் அடிப்பா.

அன்புடன்,
உன் மாமா