கம்ப்யூட்டரைக் கேட்டு சரக்கு போடலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு பெயின்ட், பைப், எலக்ட்ரிக்கல் சாமான் கடை. அப்பா ஆரம்பித்தது, இப்போது ஒரு கிளையும் உண்டு. கணக்கு டாலி சாப்ட்வேரில் ஏறுகிறது, ஆடிட்டருக்கும் ஜி.எஸ்.டி.க்கும் அது போதுமாக இருக்கிறது. சாப்ட்வேர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, “சரக்கு, பாக்கி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. சாப்ட்வேர் போட்டுக்கொள்ளுங்கள், எதை வாங்குவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்று அதுவே சொல்லிவிடும்” என்கிறார். என் மகனும் வாங்கியே ஆக வேண்டும் என்கிறான். இத்தனை வருஷம் அனுபவத்தை வைத்தே சரக்கு போட்டவன் நான். கம்ப்யூட்டரைக் கேட்டு முடிவெடுப்பது சரிவருமா, ஐயா?

பதில்: சில முடிவுகளுக்குச் சரிவரும். எந்த முடிவுகளுக்கு என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கடையில் வாராவாரம் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை திரும்பத் திரும்ப வருபவை. எந்தச் சரக்கு எவ்வளவு போடுவது, எந்த பார்ட்டிக்கு மேற்கொண்டு கடன் கொடுப்பது, தேங்கிக் கிடப்பதை எப்போது தள்ளிவிடுவது. இவற்றில் கம்ப்யூட்டர் நம்மைவிடக் கெட்டி. அதற்கு மறதி கிடையாது, முகதாட்சண்யமும் கிடையாது. இரண்டாவது கிளை திறப்பதா என்பது எப்போதோ ஒருமுறை வரும் கேள்வி. அதற்கு எந்த சாப்ட்வேரும் சில கணக்குகளை எடுத்துக் கொடுக்கும், முடிவு உங்களுடையதுதான்.

கடனை முதலில் பார்ப்போம். தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவருக்கு ஒரு லட்ச ரூபாய் பெயின்ட் கடனுக்குத் தருகிறீர்கள். வரி 18 சதவீதம். அவர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அந்த பில்லுக்கான 18,000 ரூபாய், உள்வரி வரவு (சரக்கு வாங்கும்போது நீங்கள் கட்டிய வரி) கழித்தது போக, மறுமாதமே உங்கள் கையிலிருந்து போகிறது. அதாவது, சரக்கோடு வரிப்பணத்தையும் சேர்த்துக் கடன் கொடுக்கிறீர்கள். அவருடைய மொத்த பாக்கி எவ்வளவு என்பது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அதில் 90 நாளைத் தாண்டியது எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. டாலியில் பார்ட்டி கணக்கை பில் வாரியாக வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பல கடைகளில் வந்த பணத்தைப் பொத்தாம்பொதுவாக வரவு வைத்துவிடுவதால் இந்த வசதி பயன்படாமலே கிடக்கிறது.

சரக்கு போடும் விஷயம் இதைவிடச் சிக்கலானது. கணக்கு எளிது: ஒரு பொருள் தினமும் 12 போகிறது, ஆர்டர் போட்டால் வர 6 நாள் ஆகும் என்றால், கையிருப்பு 72-ஐத் தொடும் முன்பே ஆர்டர் போய்விட வேண்டும். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல், அந்த 12 எங்கிருந்து வந்தது என்பதில். ஆடியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் கூட்டம் வரும். கடந்த மாத விற்பனையின் சராசரியை வைத்து சாப்ட்வேர் ஆவணிக்கு ஆர்டர் போட்டால் கடை காலி. பொங்கலுக்கு முந்தைய பெயின்ட் வியாபாரமும் அப்படித்தான். போன வருஷம் இதே மாதம் என்ன போனது என்று ஒப்பிடச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தர வேண்டியவர் நீங்கள்.

இன்னொரு குருட்டுப் புள்ளி உண்டு. பில் போட்டது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒருவர் வந்து முக்கால் இஞ்ச் பால் வால்வு கேட்கிறார், கடைப்பையன் “இல்லைங்க” என்று அனுப்பிவிடுகிறான். கணக்கில் அன்றைக்கு அந்தப் பொருளின் விற்பனை பூஜ்யம். இப்படி ஒரு மாதம் போனால், ‘இது ஓடாத சரக்கு’ என்று அறிக்கை வரும். கேட்டு இல்லாமல் போனதை கவுன்டரிலேயே ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். எந்த விலை உயர்ந்த சாப்ட்வேரும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

கம்ப்யூட்டர் கணக்கும் ஆளின் அனுபவமும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பானின் செவன்-இலெவன் கடைக்காரர்கள். 1974-இல் டோக்கியோவில் முதல் கடை. 1982-இல் பில் போடும் இயந்திரத்திலிருந்தே விற்பனைத் தகவலைத் திரட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த நிறுவனத்தை வளர்த்த தோஷிஃபுமி சுசுகி, ஆர்டர் போடும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடவில்லை. நாளை வெயிலா மழையா, பக்கத்துப் பள்ளியில் விழாவா என்று பார்த்து எது போகும் என்று ஊகிப்பது கடை ஆட்களின் வேலை. பகுதிநேர ஊழியர்களும் ஆர்டர் போடுவார்கள். ஊகம் பலித்ததா என்பதை மறுநாள் விற்பனைக் கணக்கு காட்டிவிடும். உங்கள் அனுபவத்துக்கும் அங்கே இடம் உண்டு, தினமும் பரீட்சை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் வேண்டும். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013-இல் கனடாவில் புதிய சாப்ட்வேரோடு கடைகளைத் திறந்தது. பொருள்களின் அளவு முதலிய விவரங்களை அவசரத்தில் தப்பும் தவறுமாக ஏற்றியிருந்தார்கள். கிடங்கில் சரக்கு நிரம்பி வழிந்தது, கடை அலமாரிகள் காலியாக இருந்தன. 2015-இல் 133 கடைகளையும் மூடிவிட்டுப் போனார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே எல்போ ‘முக்கால் இஞ்ச் எல்போ’, ‘எல்போ 3/4’, ‘20 எம்.எம். எல்போ’ என்று மூன்று பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டர் அதை மூன்று சரக்காகத்தான் எண்ணும். ஒன்றில் கையிருப்பு மைனஸில் ஓடும், இன்னொன்று தேங்கியதாகக் காட்டும். இதைத் திருத்தாமல் ஈ.ஆர்.பி. போட்டால் அதே குப்பை வண்ண வண்ண வரைபடமாகத் தெரியும்.

என் முடிவு: இப்போது வாங்காதீர்கள். டாலியில் சரக்குக் கணக்கையும் பில் வாரிப் பாக்கியையும் முறையாக வைக்கும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். இரண்டு கடைக்கும் தனித்தனி குடோன் கணக்கு வைத்து, அடுத்த பொங்கல் சரக்கை அந்த அறிக்கையைப் பார்த்துப் போடுங்கள். அதன் பிறகும், கிளையில் தேங்கிக் கிடக்கும் சரக்கையே இங்கே ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பும் நிலை நேரத்துக்குத் தெரியவில்லை என்றால், அப்போது ஈ.ஆர்.பி.க்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. அன்றைக்கும் விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கைப் பார்த்து மயங்காமல், உங்கள் கடையின் போன வருஷக் கணக்கை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் தகவல் முழுவதையும் எக்செலில் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.