வளவில் காடாகிப்போன பூங்கன்றுகள்: எப்போது, எப்படி வெட்டலாம்?

1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையை விட்டுச் சென்ற குடும்பங்கள் திரும்பி வரும்போது, வளவு பற்றையாகக் கிடக்கக் காண்கின்றன. எல்லாவற்றையும் வெட்டி எரித்துவிடத்தான் மனம் சொல்லும். அவசரப்பட வேண்டாம். முற்றத்துச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மல்லிகையும் பற்றைக்குள் உயிரோடு இருக்கக்கூடும். வேரூன்றிய பழைய கன்று, புதிதாக நடும் கன்றைவிடக் குறைந்த தண்ணீரில் பிழைக்கும்.

முதலில் பாதுகாப்பு. கண்ணிவெடி இல்லை என்று உறுதிப்படுத்தப்படாத வளவுக்குள் கத்தியோடு இறங்க வேண்டாம்; கிராம சேவையாளரிடம் கேளுங்கள். பற்றைக்குத் தீ வைக்கவே கூடாது, வெடிக்காமல் கிடப்பவை வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். கட்டு இடிந்த கிணறும் பற்றைக்குள் மறைந்திருக்கும். பிள்ளைகளை வெளியே நிறுத்துங்கள்.

கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் உண்டு. காய்ந்த கிளைகளை எந்த மாதமும் அகற்றலாம். பச்சைக் கிளையை வெட்டத்தான் காலம் பார்க்க வேண்டும். செவ்வரத்தை புதுக் குருத்தில் பூப்பது. பங்குனி, சித்திரை வெயிலில் அதை மொட்டையாக்கினால், உவர்க் கிணற்றுத் தண்ணீரை நம்பித் துளிர்ப்பது கடினம். ஐப்பசி மழை விழுந்து நிலம் நனைந்த பிறகு வெட்டுங்கள். நந்தியாவட்டைக்கும் அதுவே காலம். மல்லிகை வேறு: தமிழ்நாட்டுத் தோட்டக்காரர் கார்த்திகை, மார்கழியில் நிலத்திலிருந்து சுமார் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டுவார்கள், பங்குனியளவில் பூக்கத் தொடங்கும். இங்கே மழை ஓயும் மார்கழிக் கடைசி பொருத்தம்.

பல வருடம் வெட்டப்படாத கன்றை ஒரே நாளில் குறைக்க வேண்டாம். மிகப் பழைய, தடித்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை இந்த வருடம் அடியோடு எடுங்கள். மிச்சம் அடுத்தடுத்த மழைக்கு. மற்றக் கிளைகளில், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக வெட்டுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். கொக்கச்சத்தகம் குழை வெட்ட நல்லது, இந்த வேலைக்கு அல்ல, பட்டை கிழிந்துவிடும்.

அலரியில் கவனம். இலை, பூ, தடி எல்லாம் நஞ்சு. வெட்டியதை ஆடு, மாட்டுக்கு எட்டாமல் புதையுங்கள். அடுப்பில் எரிக்க வேண்டாம். மற்றக் குழைகளைத் தென்னையடியில் தாழ்க்கலாம். பென்சில் அளவு தடித்த செவ்வரத்தைத் தடிகளை ஒரு சாண் நீளத்தில் நறுக்கி, அந்த மழையிலேயே வேலியோரம் நட்டால் வேர்விடும்.